இந்த ஊர்க் கேபிள் வேறு

1

கனடாவிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட் கொண்டு வருவார்கள், குளிர்சட்டை கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது மோடம். இன்டர்நெட்டை வீட்டுக்குள் கொண்டு வருகிற கறுப்புப் பெட்டி. தன் கல்யாணத்துக்காக மலேசியாவின் ஈப்போவுக்குத் திரும்பி வந்த, மகளின் தோழி ஒருத்தி அதைப் பூத்துவாலையில் சுற்றிக் கொண்டு வந்து, சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனாள். அவள் இன்னும் நிறைய வீடுகளுக்கு அழைப்பிதழ் வைக்க வேண்டியிருந்தது.

அவள் போன கையோடு மகளின் குரல்பதிவு கைப்பேசியில் வந்து விழுந்தது. “மா, மோடம் வந்திருச்சா? நல்ல சாமான்மா அது, வீசிட மனசு வரல. நம்ம வீட்டு லைன்தான் எப்பப் பாத்தாலும் சுத்திக்கிட்டே இருக்கே. பாகிட்ட குடுத்து பாசாங் பண்ணச் சொல்லுங்கலா.”

அந்த ‘லா’ இந்த ஊர்ப் பேச்சுக்கு வால். பாசாங் என்றால் நம் ஊர்ப் பாசாங்கு இல்லை. மலாயில் மாட்டுவது, பொருத்துவது. நான் வந்த புதிதில் மாமியார் “ஃபேன் பாசாங் பண்ணியாச்சா?” என்று கேட்டபோது, ஃபேன் எதற்காகப் பாசாங்கு பண்ண வேண்டும் என்று விழித்திருக்கிறேன். இப்போது திண்டுக்கல்லுக்கு ஃபோன் பண்ணினால் என் வாயிலேயே அது வந்துவிடுகிறது. தம்பி சிரிக்கிறான். எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை.

என் பெயர் லீமா ரோஸ். திண்டுக்கல் மரியநாதபுரத்துப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி, ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போவில் லாரி உதிரிபாகக் கடையில் ஸ்டோர்கீப்பர். ஒரே மகள் ஜெசிந்தா. கனடாவில் எட்மண்டன் என்கிற ஊரில், ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். ஒப்பந்தம் வருகிற ஈஸ்டரோடு முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவேன், இங்கேயே வேலை தேடிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், இத்தனை வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த காரியத்தை நான் செய்தேன். மலேசியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன். கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகள் வாழப்போகும் நாட்டில் நானும் முழு மனுஷியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த நேரத்தில்தான் இந்த மோடம் வந்தது.

2

என் வீட்டுக்காரர் எந்தச் சாமானையும் முதலில் புரட்டி அடியைத்தான் பார்ப்பார். தொழில் பழக்கம். மோடத்தையும் புரட்டினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“டாக்சிஸ் மூணு புள்ளி சைபர்.”

“டாக்சியா?”

“டாக்சிஸ்லா. என்னமோ ஸ்டாண்டர்டு போல. மூணு புள்ளி சைபராம்.”

“நம்மளது எத்தனை?”

எங்கள் வீட்டுப் பெட்டியைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். “நம்மளதுல அதப் பத்தியே ஒண்ணும் போடல. அம்புட்டுப் பழசு போல. அதான் சுத்துது.”

இப்படித்தான் எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதப்படும். ஆனால் மனிதர் கவனக்காரர். கனடாவில் கரண்ட் அழுத்தம் வேறு என்பது அவருக்குத் தெரியும். அடாப்டர் கட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை வாசித்து, நம் கரண்டும் தாங்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சுவிட்சில் கை வைத்தார். தட்டைக் கால் ப்ளக்குக்கு மாற்றுக்கட்டையும் தேடி எடுத்தார். பிறகு பின்பக்கம் பார்த்தால், ஒயர் மாட்டும் இடம் எங்கள் வீட்டு மோடத்தில் இருப்பதுபோல் இல்லை. ஸ்க்ரூ மரை போட்ட வட்ட மூக்கு.

அந்த மூக்குக்குப் பொருந்துகிற ஒயர் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூரையில் உள்ள டிவி டிஷ்ஷிலிருந்து இறங்கி வருகிற ஒயர். இந்த நாட்டில் தமிழர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாமல்கூட இருக்கும், கூரையில் டிஷ் இல்லாமல் இருக்காது. அதை டிவி பெட்டியிலிருந்து கழற்றி மோடத்தில் வைத்துத் திருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

“பாத்தியா?” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்து நாளாகியிருந்தது.

பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. அடுத்த விளக்கு கண் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் சோறு வடித்து, குழம்பு இறக்கி, துணி மடித்து முடித்த பிறகும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“என்னங்க, அது நிக்கவே மாட்டேங்குதே.”

“தேடுதுலா. விடு. புது ஊரு இல்ல? தேடட்டும்.”

அந்த வாரம் முழுக்க அது தேடியது. டிவி இருட்டாகக் கிடந்தது. சீரியலில் யார் யாருக்கு என்ன துரோகம் செய்தார்கள் என்பதைக் காப்பகத்துக்குப் பிள்ளையை விட வரும் தாய்மார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து வரும்போது வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் முன்பே அந்த விளக்கைத்தான் பார்ப்பார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மகள் அனுப்பிய பொருள் வேலை செய்யாது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

3

கேபிள் என்ற சொல்லோடு எனக்குப் பழைய வம்பு ஒன்று உண்டு.

வந்த புதிதில் சிவப்பு ஐசிக்காக அலைந்துகொண்டிருந்தேன். ஐசி என்றால் அடையாள அட்டை: குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. அலைச்சல் என்றால் சாதாரண அலைச்சல் இல்லை. போதாக்குறைக்கு என் பெயர் வேறு. மலாயில் லீமா என்றால் ஐந்து. “நாமா?” என்று பெயரைக் கேட்பார்கள். “லீமா” என்பேன். “கவுண்டர் லீமாவா? அது அந்தப் பக்கம்” என்று ஐந்தாம் எண் கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய் வரிசையில் நின்று, “நாமா?” “லீமா.” “ஆமா, இதுதான் லீமா. உங்க பேர் என்ன?” அப்பா ஒரு ஃபிலோமினா என்று வைத்திருக்கக்கூடாதா என்று மனதுக்குள் அழுதிருக்கிறேன். இப்போது முழுப்பெயரையும் சேர்த்து, முதலிலேயே அடையாள அட்டையை நீட்டிவிடுகிறேன்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வரும்போது சர்ச்சில் ஓர் அக்கா என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சிவப்பு ஐசிக்குப் போட்டிருக்கியாமே. கேபிள் இருக்கா?”

எனக்கு அவருடைய அக்கறை பிடித்திருந்தது. “இல்லக்கா, டிஷ்தான் இருக்கு. எல்லாத் தமிழ்ச் சேனலும் நல்லா வருது” என்றேன்.

அவர் “நீ நல்ல பொண்ணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். காரில் ஏறியதும் வீட்டுக்காரர்தான் விளக்கினார். இந்த நாட்டில் கேபிள் என்றால் மேலிடத்தில் ஆள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அது ஒரே சொல். பெரிய கேபிள், சின்னக் கேபிள், அறுந்துபோன கேபிள் எல்லாம் உண்டு. எங்களுக்கு எந்தக் கேபிளும் இல்லை. அட்டை அதன் நேரத்துக்குத்தான் வந்தது. வந்தபோது ஜெசி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

திண்டுக்கல்லில் கேபிள் என்றால் மாடிக்கு மாடி தொங்கும் கறுப்பு ஒயர். மழை பிடித்தால் படம் முழுக்கப் புள்ளியாகிவிடும். கேபிள்காரர் எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று, “வருதா?” என்று கத்துவார். கீழே டிவி முன்னால் நின்று அப்பா, “வருது வருது... ஏய், போச்சு!” என்று கத்துவார். தெரு முழுக்க அது கேட்கும். அந்த ஒயர் வழியாகவே பிற்பாடு இன்டர்நெட்டும் வந்தது என்று தம்பி சொன்னான். நான் பார்க்கவில்லை.

அப்பா இறந்ததையும் நான் பார்க்கவில்லை. அந்தச் சமயம் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, பூசையும் முடிந்திருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த நீலப் புத்தகம் அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: முப்பது வருடமாக நான் குடியுரிமை கேட்காததற்குத் தேசப்பற்று காரணமில்லை. அந்த பயம்தான் காரணம். ஜெசி திரும்பி வந்து இங்கே வாழப்போகிறாள் என்பதுதான் அந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

4

கடைசியில் நான்தான் மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, பழைய டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்களைவிட இளைய சீனர். கனடாவில் இருக்கும் மகள் அனுப்பியது என்று சொல்லிக் கொடுத்தோம். புரட்டினார், அடியைப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு அது பிடித்திருந்தது. பிறகு சிரித்தார்.

“ஆயோ, அங்கிள். இனி கேபிள் மோடம்லா. சினி தா போலே.” இது கேபிள் மோடம், இங்கே ஆகாது என்று அர்த்தம். சொல்லிவிட்டு, “மலேசியாவுலயும் கேபிள் இருக்கு, ஆனா அது வேற கேபிள்” என்று மலாயில் சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். எனக்குச் சர்ச் அக்கா ஞாபகம் வந்தது.

அவர் மலாயிலும் ஆங்கிலத்திலுமாகப் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி நார் ஒயர். அதற்கு வேறு பெட்டி. கனடாவில் பல வீடுகளுக்கு டிவி வருகிற வட்ட ஒயரிலேயே இன்டர்நெட்டும் வருகிறது. அப்படி ஒயர் இழுக்கும் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒத்துக்கொண்ட விதிதான் இந்த டாக்சிஸ். 3.0 என்பது பழைய விதி, 3.1 புதியது. எது என்று பார்க்க அடியில் ஒட்டியிருக்கும் சீட்டே போதும், இல்லாவிட்டால் மாடல் எண்ணைத் தேடிப் பார்க்கலாம். புது லைனில் பழைய பெட்டியும் ஓடும், ஆனால் புது வேகம் முழுவதையும் அதனால் வாங்க முடியாது.

“டிஷ் ஒயரை மாட்டினா?” என்று வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

“மாட்டினீங்களா?”

வீட்டுக்காரர் வெளியே மழை வருகிறதா என்று பார்த்தார்.

கடைக்காரர் பெட்டியைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டும்போது, சும்மா பேச்சுக்குக் கேட்டார். “நல்ல சாமான் ஆன்ட்டி. ஒரு ஆளுக்கு, ரெண்டு ஆளுக்கு 3.0 தாராளம். எதுக்கு மாத்துனாங்க? பெரிய வீடா? ஆள் நிறையவா?”

“வாடகை ரூம்தான். ஒரே ஆள்” என்றேன்.

சொல்லும்போதே எனக்கு எங்கோ இடறியது. திரும்பும் வழியில் வீட்டுக்காரர் டிஷ் ஒயரை எப்படிப் பழையபடி பொருத்துவது என்று பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஈஸ்டருக்கு மூட்டை கட்டப்போகிறவள், இருக்கிற மோடம் நன்றாக ஓடும்போது, வேகம் கூடிய லைனை எதற்கு வாங்குகிறாள்?

5

ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும் முன் அவளோடு பேசுவது வழக்கம். அவளுக்கு அது சனிக்கிழமைச் சாயங்காலம். அன்றைக்குப் பார்த்துப் படம் சுத்தமாக வந்தது. சுற்றவில்லை, உறையவில்லை. அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அவளுடைய அறைச் சுவர் இளம்பச்சை என்பது எனக்குத் தெரியும்.

“மோடம் ஓகேவாமா?”

“அது இந்த ஊருக்கு ஆகாதாம். அது கெடக்கட்டும். பழசுக்கு என்ன கேடு வந்துச்சு? ஒரு ஆளுக்கு 3.0 தாராளம்னு கடைக்காரர் சொல்றாரு.”

“இங்க கம்பெனி மாத்திட்டேன்மா. இந்த ப்ளானுக்கு 3.1 கேக்குறாங்க.”

“வரப்போற நேரத்துல எதுக்குடி புது ப்ளான்?”

அவள் எங்கோ பார்த்தாள். “கம்பெனி மாத்துனாதான் இந்த ஏரியாவுக்கு லைன் இருக்கு, மா.”

“எந்த ஏரியாவுக்கு?”

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். ஜெசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்ன வயதிலும் அப்படித்தான், அடிபடும் முன்பே அழுதுவிடுவாள்.

“மா, நான் வீடு வாங்கிட்டேன். சின்னதுதான். இன்னொண்ணும் இருக்கு. இங்க சிட்டிசனுக்குப் போட்டிருக்கேன்.”

“அப்ப உன் நீல ஐசி?”

“கிடைச்சா திருப்பிக் குடுக்கணும். ரெண்டும் வெச்சுக்க முடியாதுலா. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். நீங்க ஒவ்வொரு வாரமும் அந்த இன்டர்வியூ பத்தியே பேசுறீங்க. எனக்கு வாய் வரல.”

நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. என் வாயில் வந்தது இதுதான். “ஃபாதரக் கூப்பிட்டு வீட்ட மந்திரிச்சியா?”

“இன்னும் இல்லமா.”

“மந்திரிக்காம எப்படிடி படுக்குற?”

அதற்குள் வீட்டுக்காரர் வந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். “நல்லது பாப்பா. வீடு வாங்குறது நல்லதுதான். எத்தன ரூம்பு?” என்று கேட்டார். அவள் அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சமையலறை, படிக்கட்டு, சன்னலுக்கு வெளியே யாருமில்லாத ஒரு தெரு. படம் கடைசி வரை தெளிவாகவே இருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த நாட்டில் இவருக்குப் பிறந்த ஒரே காரணத்துக்காக அவள் கையில் கிடைத்த நீல அட்டை, அதற்காக நான் எத்தனை கவுண்டர்களில் நின்றிருக்கிறேன். அவள் பன்னிரண்டு வயதில் அதை வாங்கிய அன்று, புகைப்படத்தில் காது தெரியவில்லையே என்று திரும்ப எடுக்கச் சொன்னார்கள். அவள் சிணுங்கினாள், நான் அதட்டினேன். அவளுக்கு அது ஒரு பிளாஸ்டிக். கோபம் தீர்ந்த பிறகு வெறும் அலுப்புத்தான் மிஞ்சியது. அவளை என்ன சொல்ல? என் அப்பாவும் என்னை விமானம் ஏற்றிவிட்டு டிவி முன்னால்தானே உட்கார்ந்திருந்தார்.

அன்று பூசைக்குப் பிந்திப் போனோம். பிரசங்கம் என்னவென்று ஞாபகமில்லை.

6

நேர்காணலுக்கான அழைப்பு அக்டோபர் கடைசியில் வந்தது. போகப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அதை வீட்டுக்காரரிடம் சொன்ன இடம் ஆயர் தாவார்.

கல்லறைத் திருநாளுக்கு வருடந்தோறும் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போவோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து வெகுகாலமாகிறது. கல்லறை மட்டும் செம்பனைக்கு நடுவே வேலி போட்டுக் கிடக்கிறது. ஜெசி பள்ளி நாட்களிலேயே வருவதை நிறுத்திவிட்டாள். கொசு என்பாள், பரீட்சை என்பாள். கடைசியாக வந்தபோதும் காரைவிட்டு இறங்காமல் கைப்பேசியில் லைன் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் தன் அப்பா அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னேன்.

“நான் அந்த இன்டர்வியூக்குப் போகலங்க.”

அவர் திரும்பவில்லை. “ஏன்?”

“அவளுக்காகத்தான் எழுதிப் போட்டேன். அவளே இல்ல. இனி யாருக்காக அந்தப் பாஸ்போர்ட்டக் குடுக்கணும்?”

தூரிகையைச் சுண்ணாம்பு வாளியில் வைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கோபம் வந்தால் வெளியே போய் காரைக் கழுவுவார். அன்று கழுவ கார் பக்கத்தில் இல்லை.

“நான் இல்லையா?” என்றார்.

நான் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டேன்.

“மகளுக்கு மகளுக்குன்னு சொல்ற. நான் ஒருத்தன் இருக்கேன்லா லீமா. எங்க அப்பா அம்மா இங்க கெடக்குறாங்க. நானும் இங்கதான் கெடப்பேன். எனக்குப் பிறகு நீ எந்த ஐசியோட எந்த வரிசைல நிப்பேன்னு நான் நெனைக்காத நாள் இல்ல.”

இத்தனை வருடத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“நாளைக்குத் தம்பிக்கு ஒண்ணுன்னா? விசா வாங்கிட்டுத்தான் சொந்த ஊருக்கே போகணும்.”

“வாங்கிட்டுப் போலாம். நானும் கூட வாரேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் மிச்சச் சுண்ணாம்பை அடித்து முடித்தார். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை, அணைய அணைய ஏற்றினோம். திரும்பும்போது லூமுட் கடற்கரை வரை போய்க் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தோம்.

7

நேர்காணல் மலாயில் நடக்கும். என் மலாய் சந்தையில் கற்ற மலாய். கத்தரிக்காய் விலை கேட்கலாம், காப்பகத்தில் பிள்ளையை அதட்டலாம், அதற்கு மேல் இழுக்காது. அன்று காலை காரில் வீட்டுக்காரர் அவசர வகுப்பு எடுத்தார்.

“அங்க போயி சந்தைல பேசுற பாசார் மலாய் பேசாத. நல்ல மலாய்னா முன்னால ஒரு ‘மெ’ போடணும். தூலிஸ்னா எழுது. நீ ‘மெனூலிஸ்’னு சொல்லு. தோலோங்னா உதவி. ‘மெனோலோங்’. அந்த ‘த’வை எடுத்துட்டு ‘மென’ போட்டியானா படிச்சவ மாதிரி இருக்கும்.”

நான் வழியெல்லாம் ‘மெனூலிஸ், மெனோலோங்’ என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே என்னைக் கேள்வி கேட்டவர் முக்காடிட்ட இளம் மலாய்ப் பெண். ஜெசியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். சிரித்த முகம். பெயர், விலாசம், என்ன வேலை, என்ன சமைப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். போட்ட இடத்திலெல்லாம் ‘மெ’ நன்றாகவே நின்றது. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

“அனாக்?” பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

ஒரே மகள் என்றேன்.

“டியா திங்கால் டி மானா?” அவள் எங்கே வசிக்கிறாள்?

திங்கால் என்றால் வசிப்பது. எனக்குத் தெரிந்த சொல்தான். கனடாவில் வசிக்கிறாள் என்று நல்ல மலாயில் சொல்லிவிட வேண்டும். ‘த’வை எடுத்தேன், ‘மென’ போட்டேன். “அனாக் சாயா சுடா மெனிங்கால்...” என்று ஆரம்பித்தேன். கனடா என்பதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“தக்சியா, புவான்” என்றார் மிக மெல்லிய குரலில். மேசையிலிருந்த டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசித்தேன். புவான் என்றால் மேடம், அது தெரியும். தக்சியா என்பது இங்கே சாவு வீட்டில் சொல்கிற வார்த்தை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. சந்தை மலாயில் செத்துப்போவதற்கு வேறு சொல். மெனிங்கால் என்பது மரியாதையான மலாயில் இறந்துபோவது. என் மகள் இறந்துவிட்டாள் என்று, அழுத்தம் திருத்தமாக, படித்தவளைப்போல் சொல்லியிருக்கிறேன்.

“புக்கான், புக்கான்!” இல்லை, இல்லை என்று கத்தினேன். “ஹிடுப்! ஹிடுப்! கனடா!” உயிரோடு இருக்கிறாள்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லா, புவான். திங்கால். மெனிங்கால் இல்ல.” பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். எடுத்த டிஷ்யூவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் இன்னும் சிரித்தபடியே, என்னை ஆசுவாசப்படுத்துவதற்காக, சுலபமான ஒரு கேள்வி கேட்டார்.

“பீலா டியா பாலெக்?” அவள் எப்போது திரும்பி வருவாள்?

“டியா தாக் பாலெக்” என்றேன். அவள் திரும்பி வர மாட்டாள்.

அவர் இதையும் என் பிழை என்று எடுத்துக்கொண்டார். மலாயில் இல்லை என்பதற்கு ஒரு சொல், இன்னும் இல்லை என்பதற்கு வேறு சொல். முதலாவது தாக், இரண்டாவது பெலும். வெளிநாட்டுக்காரர்கள் அதை மாற்றிப் போடுவது வழக்கம்தான். அவர் ஒரு டீச்சரைப்போல முன்னால் குனிந்து, எனக்குச் சரியான சொல்லை எடுத்துக்கொடுத்தார்.

“பெலும் பாலெக், புவான்?” இன்னும் வரவில்லை, அப்படித்தானே?

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

“தாக்” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. பிறகு பேனாவை எடுத்து, படிவத்தில் மொழித் தேர்ச்சிக்கான கட்டத்தில் ஒரு சரி போட்டார்.